மச்சம் தின்ற நாய்கள்

புனிதத்துக்கு நாய்ப்பீ அள்ளுகிற உத்தியோகம் கிடைத்ததற்குக் காரணம் ஒரு வேட்டி.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம் போகிற வழியில், யாழ்ப்பாணத்துச் சனம் காடு வெட்டிக் குடியேறிய ஒரு நெற்காணித் திட்டம். தெருவில் திரிகிற கட்டாக்காலி நாய்களைச் சுட வந்த கிராமசபை ஆள், வைரவர் கோயிலில் பூசை நடக்கிற நேரம் பார்த்து, வாசலில் படுத்திருந்த நாயொன்றைச் சுட்டுவிட்டான். இரத்தம் தெறித்து, அப்போதுதான் கும்பிட்டு வெளியே வந்த கதிர்காமநாதரின் கரைவேட்டியில் விழுந்தது. நாய் செத்ததற்கு அவர் எவ்வளவு வருந்தினார் என்று எவருக்கும் தெரியாது. வேட்டிக்கு வருந்தியது ஊருக்கே தெரியும். மூன்று முறை வெளுத்தும் கறை போகவில்லை. நாலாம் நாள் அவருக்குச் சீவகாருண்யம் பிறந்துவிட்டது.

கதிர்காமநாதர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தவர். எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? சங்கம் ஒன்று தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மயில்வாகனம். வைரவரின் வாகனத்தைக் கொல்வது மகாபாவம் என்று சபைக்கு எழுதினார்கள். கொட்டிலுக்குள் அடைத்த நாயைச் சுடமாட்டோம் என்று சபையும் பதில் எழுதியது. வாய்க்கால் கரையில் பாழாய்க் கிடந்த நெற்கொட்டிலைச் சுற்றி முட்கம்பி அடித்து, முன்னால் 'சீவகாருண்ய நாய்ச்சாலை' என்று பலகை தொங்கவிட்டார்கள். பலகைக்கு மூன்று பூச்சு வர்ணம். கொட்டில் கூரைக்குப் பாதிக் கிடுகுதான். மழை வந்தால் பலகை மட்டும் நனையாமல் இருக்க அதற்கு மேலே ஒரு தகரம் அடித்திருந்தார்கள்.

எல்லாம் ஆயிற்று, உள்ளே இறங்கிக் கூட்டி அள்ளுவது யார் என்ற கேள்வி வந்தது. கருணை மிகுந்த சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாயைத் தொட்டால் முழுக வேண்டும். கடைசியில், கிறிஸ்தவரான வேதக்காரருக்கு அந்தத் தீட்டு இல்லை என்று மயில்வாகனம் கண்டுபிடித்தார். இப்படித்தான் புனிதம் வந்து சேர்ந்தாள்.

அவள் முல்லைத்தீவுக் கரையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் கிறகோரிக்குக் குளத்து மதகான துருசைத் திறந்து மூடுகிற வேலை கிடைத்ததால் கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்தாள். உரத்த குரல், அகன்ற பாதம், கேட்ட கேள்விக்கு உடனே பதில். பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு வைத்திருந்த பதிலை இங்கே எழுத முடியாது.

கொட்டிலுக்கு வந்த நாய்களில் ஒன்றாவது சும்மா வந்த நாயில்லை. காட்டுப்பன்றிக்குப் பொறியாகக் கட்டிய கட்டுத்துவக்கு வெடித்துக் கால் போன வேட்டை நாய். இனி ஓடாது என்று எசமான் விட்டுப்போனது. குட்டியில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்ததால் கழுத்துத் தசைக்குள் கயிறு புதைந்துபோன நாய். கடிக்கிற குணம் வரட்டுமென்று இரண்டு காதையும் வெட்டிவிட்டு, அது கடித்ததும் மண்வெட்டிப் பிடியால் அடித்துத் தாடையை உடைத்த நாய். அப்படிப் பதினாலு. கொண்டுவந்து விட்டவர்கள் எல்லாரும், "பாவம், ஆரோ செய்திருக்கினம்" என்று சொல்லிப் புண்ணியம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. சைவச் சங்கம் நடத்துகிற சாலையில் நாயும் சைவந்தான். மீன், இறைச்சி, கருவாடு என்று எந்த மச்சமும் படலை தாண்டக்கூடாது. குருணல் அரிசிக் கஞ்சி, வெள்ளிக்கிழமையில் பூசை முடிந்த பிறகுதான். வைரவருக்கு மாதாமாதம் நூற்றெட்டு உளுந்து வடை கோத்து மாலை போட்டார்கள். அதே வைரவரின் வாகனங்கள் நூறு யார் தூரம் தள்ளி விலா எலும்பு தெரியப் படுத்திருந்தன. முதல் மாதம் மூன்று நாய் செத்தது. யாரும் கொல்லவில்லை அல்லவா, ஆகவே பாவமும் இல்லை. சங்கத்தாருக்கு நல்ல நித்திரை வந்தது.

புனிதத்துக்கு வரவில்லை.

"இஞ்சாருங்கோ, நாய் கஞ்சியிலை உயிர் வாழுமோ?" என்று கிறகோரியைக் கேட்டாள்.

"சட்டம் போட்டவையைக் கஞ்சியிலை விட்டுப் பாத்தால்தானே தெரியும்" என்றான் அவன்.

கிறகோரியின் தம்பி அல்பேர்ட் கிழமைக்கு ஒரு தரம் முல்லைத்தீவிலிருந்து கருவாட்டு லொறி ஓட்டிவந்து கிளிநொச்சிச் சந்தையில் இறக்குவான். உடைந்த கருவாடும் தலையும் விலைப்படாது. அது ஒரு சாக்கு புனிதத்தின் வாசலுக்கு வரத் தொடங்கியது. உப்புப் போக இரண்டு தண்ணீரில் ஊறப்போட்டு, தவிட்டோடு அவித்து, சங்கத்தார் எழும்புவதற்கு முன்பே நாய்களுக்கு வைத்து முடித்துவிடுவாள். மணம் போகவேண்டுமே! அதற்குச் சாம்பிராணி. தேவாலயத்தில் போடுவதைவிட இரண்டு பங்கு போட்டாள். செவ்வாயும் வெள்ளியும் பார்வையிட வருகிற கதிர்காமநாதர் கொட்டில் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "வேதக்காரியெண்டாலும் பக்தியுள்ள மனுசி" என்று மெச்சிவிட்டுப் போவார். உள்ளே மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. நாய்களுக்கு மயிர் பளபளத்தது. அது சைவத்தின் மகிமை என்று கூட்டத்தில் பேசினார்.

இரண்டாம் வருஷம் சித்திரையில், கதிர்காமநாதரின் காணியில் குத்தகைக்கு இருந்த வீரகத்தி சைக்கிள் கரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தான். சாக்குக்குள் ஒரு பெட்டை நாய். சிவந்த மயிர். முதுகிலும் வலப்பக்கத்திலும் மயிரும் இல்லை, தோலும் இல்லை.

"றோட்டிலை கிடந்ததெண்டு எழுதச் சொன்னவர்" என்றான்.

"ஆர் சொன்னது?"

வீரகத்தி வாய்க்காலைப் பார்த்தான். "தலைவர் ஐயாதான். தன்ரை தேப்பன்ரை திவசம். படையல் வடையிலை இது வாய் வைச்சிட்டுது. கொதிச்சுக்கொண்டு நிண்ட கஞ்சியை அப்பிடியே தூக்கி ஊத்தினவர். நான் பக்கத்திலை நிண்டனான். சொல்லிப்போடாதை புனிதமக்கா, எனக்குக் காணி போயிடும்."

"இது எத்தினை வருஷமா அங்கை நிண்டது?"

"நாலு."

சீவகாருண்ய சங்கத் தலைவர் தன் வீட்டு நாயை வேகவைத்துத் தன் சாலைக்கே அனுப்பியிருந்தார். புனிதம் சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காயெண்ணெயையும் வெண்ணெய் போலத் திரளும் மட்டும் அடித்து, சேவல் இறகால் தொட்டுப் பூசினாள். நாய் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடி எப்போது விழும் என்று காத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சிவத்தி என்று பெயர் வைத்தாள். மற்ற நாய்களுக்கும் பெயர் இருந்தது, ஆனால் இது வேறு. கை உயர்ந்தால் தரையோடு தரையாகும். ஆள் பார்க்கத் தின்னாது. அவள் திரும்பி நின்றால்தான் கருவாட்டுத் தலையைக் கடிக்கும் சத்தம் கேட்கும். கையிலிருந்து வாங்கித் தின்ன நாற்பது நாள் எடுத்தது. அன்றைக்குப் புனிதம் வீட்டுக்குப் போய்க் கிறகோரியிடம் சொல்லி அழுதாள். பிறகு அழுததற்காக அவனைத் திட்டினாள்.

ஆடி மாதம் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. காரியாதிகாரி, அதாவது அந்தப் பகுதிக்கு அரசாங்கப் பெரியவர், வருவதாக இருந்தார். கொட்டிலுக்கு முன்னால் பந்தல். கதிர்காமநாதர் முதல் நாள் வந்து கம்பிக்கு வெளியே நின்று நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் போனது அழகாயில்லை. தாடை உடைந்தது வீணி வடித்தது. சிவத்தியின் முதுகில் மயிர் முளைக்காத தழும்பு பெரிதாக, சுத்தமாக, தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி இருந்தது. "உதைக் குளிப்பாட்டி மாலை போட்டுக் கொண்டுவா" என்றார்.

தன் நாய் என்று அடையாளம் கண்டாரா? கண்டார். அவரை அறிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள். தான் செய்ததை யாரோ செய்ததாக நம்பத் தொடங்கி நாலு மாதமாகியிருந்தது அவருக்கு.

விழாவில் அவர் பேசினார். "வாய் பேசாத இந்தச் சீவன் செய்த குற்றம் என்ன? இதன் முதுகிலே கொதிகஞ்சி ஊற்றிய பாவி யார்? அந்தக் கை எந்தக் கை?" என்று தன் வலக்கையை உயர்த்திக் கேட்டார். பந்தல் காலில் கட்டியிருந்த சிவத்தி செவ்வந்தி மாலையோடு மண்ணில் ஒட்டிக்கொண்டது. கடைசி வரிசையில் இருந்த வீரகத்தி தன் கால்விரலைப் பார்த்தான். கொதிகஞ்சி என்று இவருக்கு யார் சொன்னது என்று கேட்க அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காரியாதிகாரி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

"இந்த நாய்க்கு ஒரு நல்ல வீடு கிடைக்க வேண்டும்" என்றார் காரியாதிகாரி.

கதிர்காமநாதர் நெஞ்சில் கை வைத்தார். "வேறு வீடு ஏன்? இன்றே என் வீட்டுக்குக் கொண்டுபோய் என் பிள்ளையாக வளர்ப்பேன்."

கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

புனிதம் வாளியோடு ஓரமாக நின்றாள். அந்த வீட்டில் இன்னொரு திவசம் வரும், இன்னொரு வடை சுடுவார்கள். இவர்தான் ஊற்றினார் என்று இப்போது சொன்னால் நாய்ப்பீ அள்ளுகிற வேதக்காரியை யார் நம்பப் போகிறார்கள்? நம்பினாலும் என்ன? நாயில் கஞ்சி பட்டதற்காக இந்தக் கூட்டத்தில் ஒருவன் முகம் சுளிப்பானா? இந்தச் சனத்துக்கு எது பாவம் என்று இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பாடமாகியிருந்தது. சொன்னால் தன் வேலை போகும் என்றும் தெரியும். மற்றப் பதினொன்றின் சோற்றையும் நினைத்தாள். அதற்குள் கதிர்காமநாதர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துவிட்டார்.

வாளியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, அதை வீட்டை கொண்டு போகேலாது. அது மச்சம் தின்னுற நாய்."

"தெருவிலை திரிஞ்ச காலத்திலை திண்டிருக்கும். அதுக்கென்ன?" என்று சிரித்தார் அவர்.

"தெருவிலை இல்லை, இஞ்சைதான். நான்தான் குடுத்தனான். இண்டைக்குக் காலமையும் சுறாக் கருவாட்டுத் தலை. இது மட்டுமில்லை ஐயா, எல்லாமே. ரெண்டு வருஷமா."

பந்தலில் எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்வது! கஞ்சி ஊற்றிய கதைக்கு உச்சுக் கொட்டியவர்கள் இப்போது எழுந்தே நின்றார்கள். மயில்வாகனம் தன் மூக்கைப் பொத்தினார், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. கதிர்காமநாதரின் மனைவி விமலேஸ்வரி பெண்கள் பக்கத்திலிருந்து அலறினாள். "ஐயையோ! உதை எங்கடை குசினி வாசலுக்கும் கொண்டு வரவேண்டாம். சொல்லிப்போட்டன்!" காரியாதிகாரி நேரமாகிவிட்டது என்று எழுந்தார். தலைவர் கையிலிருந்த கயிறு தானாக நழுவியது.

"சண்டாளி! வைரவற்றை வாகனத்துக்குக் கருவாடோ? சாம்பிராணி போட்டு எங்களையெல்லோ ஏமாத்தியிருக்கிறாய்! உந்த நாயையும் கொண்டு இறங்கடி."

"போறன். மற்றதுகளுக்கு இரவைக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது?"

"அதைக் கூட்டம் கூடித் தீர்மானிப்பம். நீ நட!"

கூட்டம் கூடியது. மச்சம் தின்ற நாய்களைச் சைவச் சங்கம் வைத்திருக்கலாமா என்று மூன்று மணித்தியாலம் பேசினார்கள். கொல்லவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாக முடிவெடுத்தார்கள். அடுத்த கூட்டம், நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு. கொட்டிலைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து, படலைக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த நாளே, கொடியேற்றத்துக்கு ஊர் பாதி யாழ்ப்பாணம் போக ரயில் ஏறியது. சோற்றுக்கு மயில்வாகனம் ஆள் வைத்திருப்பார் என்று தலைவர் நினைத்தார். தலைவர் வைத்திருப்பார் என்று மயில்வாகனம் நினைத்தார். பூட்டின் திறப்பு மயில்வாகனத்தின் இடுப்பில், நல்லூர் வீதியில் அவரோடு சேர்ந்து உருண்டு பிரதட்டை பண்ணிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து நாளும் இருவரும் ஒரு நேரச் சாப்பாடு. பட்டினியின் அருமை பற்றி மடத்தில் பேசிக்கொண்டார்களாம்.

இரண்டு நாள் வாய்க்கால் கரையிலிருந்து ஊளை கேட்டது. ஆள் வைத்திருக்கிறார்கள், புது ஆளைக் கண்டு கத்துகின்றன என்று புனிதம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஊளை நின்றது. அவள் உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிறகோரியின் அலவாங்கைத் தூக்கினாள்.

"பொலிசு வரும்" என்றான் கிறகோரி.

"வரட்டும். வந்தால் அவையளாவது உள்ளுக்குப் போய்ப் பாப்பினம்."

அவன் அலவாங்கை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பூட்டை நெம்பினான். உள்ளே தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. கால் போன வேட்டை நாயும், கழுத்தில் கயிற்றுத் தழும்பு உள்ளதும் செத்திருந்தன. மற்றவை தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒன்று வாலை ஆட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் வாலை ஆட்டியது. புனிதம் அந்த இடத்திலேயே குந்தியிருந்து, வைரவரையும் மாதாவையும் ஒரே மூச்சில் ஏசினாள். பின்பு அதற்காகச் சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனாள். செத்த இரண்டையும் புருஷனும் மனைவியும் வாய்க்கால் ஓரத்தில் குழி தோண்டித் தாட்டார்கள். தன்னால்தான் இந்த இரண்டும் செத்தன என்று அவள் சாகும்வரை சொன்னாள். இல்லையென்று கிறகோரி சொன்னதை அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் அல்பேர்ட்டின் லொறி கருவாட்டை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது ஒன்பது நாய்களை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனது. கரையில் வலை காயப்போடுகிற வாடிகளில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க மீன் கொன்று பாவம் சேர்க்கிற சனம். நாய்க்கு என்ன போடலாம் என்று அவர்கள் கூட்டம் கூடவில்லை. தின்கிறதைப் போட்டார்கள். சிவத்தியை மட்டும் புனிதம் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

திருவிழா முடிந்து வந்த சங்கத்தார் வெறும் கொட்டிலைக் கண்டு கவலைப்படவில்லை. முடிவெடுக்கத் தேவையில்லாமல் வைரவரே நாய்களை விடுவித்துவிட்டார் என்று கூடுதலாக ஒரு வடைமாலை சாத்தினார்கள். அதோடு கதை முடிந்திருக்கும். தை மாதம் காரியாதிகாரியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் சாலையைப் பார்க்க வருகிறார். முக்கியமாக அந்தக் கஞ்சி பட்ட நாயை அவருக்குக் காட்ட வேண்டும்.

கதிர்காமநாதர் குடையைப் பிடித்துக்கொண்டு துருசுக் கரையில் புனிதத்தின் வீட்டுப் படலைக்கே வந்துவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு புனிதம். நான் மனசிலை வைச்சிருக்கேல்லை. அந்த நாயை ஒருக்கால் தா. பிறகு என்ரை வீட்டிலையே வைச்சிருப்பன். மனுசிக்குச் சொல்லிப்போட்டன், வெளிக் கொட்டிலிலை கட்டலாமாம்."

"அங்கை நாலு வருஷம் நிண்டதெல்லோ ஐயா, அப்ப என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?"

குடை கொஞ்சம் ஆடியது. நாலு வருஷக் கணக்கு இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. "பேரோ? நாய்தானே" என்றார்.

புனிதத்துக்குக் கர்வம் தலைக்கேறியது. தை வரை தன் பாய் ஓரத்தில் படுத்த நாய். தன் கையால் தின்ற நாய். "கூப்பிடுங்கோ. உங்களிட்டை வந்தால் கொண்டு போங்கோ" என்றாள். அதைச் சொன்னபோது சிரித்தாள்.

அவர் நாக்கால் உச்சுக் கொட்டினார்.

குசினிக்குள் ஏதோ அசைந்தது. சிவத்தி வெளியே வந்தது. வயிறு மண்ணில் உராய, காதை மடித்து, அங்குலம் அங்குலமாக முற்றம் முழுக்க ஊர்ந்து, படலை தாண்டி அவர் காலடிக்குப் போனது. வாலை ஆட்டியது. அவர் வலக்கையை நீட்டினார். அந்தக் கையை நக்கியது.

கதிர்காமநாதரின் முகம் மலர்ந்தது. "பாத்தியே! நன்றியுள்ள சீவன். ஒண்டையும் மனசிலை வைச்சிருக்காது. சொன்ன சொல்லுத் தவறாதை, கயிறு ஒண்டு எடு" என்றார்.

புனிதத்தின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. வெளியே வந்து குனிந்து, நடுங்கிக்கொண்டிருந்த நாயை இரண்டு கையாலும் வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். உள்ளே வந்து காலால் படலையைத் தள்ளிச் சாத்தினாள்.

"சொல்லுத் தவறுறன் ஐயா. அது நாய், கொதிகஞ்சி ஊத்தின கையையும் நக்கும். நான் நாயில்லை."